கறுப்புக் குதிரையா, 14 வயதுப் பெட்டையா?

குதிரை மருத்துவரான எனக்குக் கடிதம் எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 43, கணக்குத் தணிக்கை வேலை. எட்டு மாதமாக வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், ஒரு சவாரிப் பள்ளியில் குதிரை ஓட்டக் கற்று வருகிறார். அவருடைய 12 வயது மகளும் மூன்று மாதமாகக் கற்கிறாள். வீட்டுக்குப் பின்னால் புல்வெளியும் கொட்டகை போட இடமும் இருக்கின்றன. சொந்தமாக ஒரு குதிரை வாங்கலாம் என்று தேடியதில் இரண்டு குதிரைகள் கண்ணில் பட்டிருக்கின்றன.

ஒன்று கறுப்பு நிற ஆண் குதிரை, காயடிக்காதது. நாலு வயது முடிந்து ஐந்து நடக்கிறது, சேணம் வைத்துப் பழக்க ஆரம்பித்து மூன்று மாதமாகிறது என்கிறார் விற்பவர். முதல் நாளே அந்தக் குதிரை தானாக நடந்து வந்து வாசகரின் தோளில் மூக்கை வைத்ததாம். "நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை டாக்டர், அதுதான் என்னைத் தேர்ந்தெடுத்தது" என்று எழுதுகிறார். வேறொருவரும் கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதிப் பணம் தந்தால்தான் நிறுத்தி வைக்க முடியும் என்று விற்பவர் சொல்லிவிட்டார். ஏழு மாதத்துக்கு முன் வாங்கிய மருத்துவச் சான்றிதழும் அவரிடம் இருக்கிறது.

இன்னொன்று அவர் சவாரி கற்ற அதே பள்ளியின் பழுப்பு நிறப் பெட்டை. வயது 14. பள்ளி உரிமையாளர் குதிரைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதால் விற்கிறார். வலது முன்னங்கால் முட்டி பல வருடமாகக் கொஞ்சம் தடித்திருக்கிறது. "கிழட்டுக் குதிரையை வாங்கி என்ன செய்யப் போகிறாய்?" என்கிறார்கள் வீட்டில். எதை வாங்குவது, இளங்குதிரை என்றால் இருபது வருடம் உழைக்குமே, சான்றிதழ் இருக்கும்போது மறுபடியும் பரிசோதனை எதற்கு என்பவை அவருடைய கேள்விகள். தொழில் புத்தி விடுமா? இரண்டு குதிரைகளின் உடல் அளவுகளையும் டேப் வைத்து எடுத்து அனுப்பியிருக்கிறார். அதற்காகவே அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

இனி உங்களிடமே பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பணம் கொடுக்காதீர்கள். அந்தக் கறுப்புக் குதிரை மோசமான குதிரை என்று நான் சொல்லவில்லை. நல்ல கைகளில் அருமையான குதிரையாக வரலாம். அந்தக் கைகள் இன்றைய தேதிக்கு உங்களுடையவை அல்ல, அவ்வளவுதான்.

70 மணி நேரம்

வாரம் இரண்டு மணி, எட்டு மாதம் என்று கூட்டினால் ஏறக்குறைய 70 மணி நேரம் குதிரை முதுகில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதுவும் வேலி போட்ட இடத்துக்குள், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, ஆயிரம் பேரைச் சுமந்து சலித்த குதிரைகளின் மேல். இந்த அளவு அனுபவத்தில் ஒருவருக்கு நடையும் ட்ராட் எனும் மெதுவான ஓட்டமும் வசப்பட்டிருக்கும், அதைவிட வேகமான கேன்டர் அரைகுறையாக வரும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, எல்லோரும் இந்தப் படியில் நின்றுதான் மேலே போகிறோம்.

மூன்று மாதம் சேணம் பழகிய குதிரைக்கும் இதே நிலைதான். வாயில் இருக்கும் கடிவாளத்தின் இழுப்புக்கு என்ன பொருள், வயிற்றில் படும் காலின் அழுத்தத்துக்கு என்ன பொருள் என்பதை அது இப்போதுதான் கற்கிறது. நீங்கள் தடுமாறி முன்னே சாயும்போது உங்கள் குதிகால் அதன் விலாவில் இடிக்கும். பழைய குதிரை அதைத் தடுமாற்றம் என்று புரிந்துகொண்டு நின்றுவிடும். இளங்குதிரைக்கு அது "ஓடு" என்ற கட்டளை. ஓடும், நீங்கள் பயந்து கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குவீர்கள், அதற்கு வாய் வலிக்கும், துள்ளும். "நீங்களும் அதுவும் சேர்ந்தே வளரலாம்" என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்க அழகாக இருக்கிறது. நீச்சல் தெரியாத இரண்டு பேரை ஒரே கிணற்றில் இறக்கிவிட்டு, ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுங்கள் என்பது போலத்தான்.

தோளில் மூக்கை வைத்த விஷயத்துக்கு வருகிறேன். மனது வருத்தப்பட வேண்டாம். இளம் ஆண் குதிரைகள் உலகத்தை வாயாலும் மூக்காலும்தான் ஆராயும். புதிய ஆள், புதிய வாசனை, பையில் தின்ன ஏதாவது இருக்குமா என்ற நப்பாசை, இவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்த வரவேற்பு. நீங்கள் ரசித்து நின்றால் அடுத்த தடவை சட்டையைப் பிடிக்கும், அதற்கடுத்த தடவை தோலைப் பிடிக்கும். காயடிக்காத குதிரையிடம் எல்லை எங்கே என்பதைக் கோபமில்லாமல், ஆனால் தினமும் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பக்கத்தில் பெட்டைக் குதிரை வந்தால் அதன் கவனம் உங்களிடம் இருக்காது. காயடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், பெரும்பாலும் நல்லதும்கூட. ஆனால் சுரப்பிகளின் வேகம் அடங்கச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் கற்றுக்கொண்ட கெட்ட பழக்கம் காயடித்ததோடு மறைந்துவிடாது. 12 வயதுப் பெண் குழந்தை கையில் கயிற்றைக் கொடுக்கும் குதிரை இது இல்லை.

பல் சொல்லும் வயது

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள், தாராளமாகப் பார்க்கலாம். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்: "முன்வாயில் நடுப்பற்கள் மேலும் கீழும் பெரியதாக, பழுப்பாக இருந்தன, அவற்றுக்கு இரண்டு பக்கமும் சின்னதாக, வெள்ளையாக இருந்தன" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

சின்ன வெள்ளைப் பற்கள் பாற்பற்கள். குதிரைக்கு நடு முன்பற்கள் இரண்டரை வயதை ஒட்டி விழுந்து முளைக்கும். அவற்றுக்கு அடுத்தவை மூன்றரையை ஒட்டி, கடைசி ஓரப் பற்கள் நாலரையை ஒட்டி. ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். நாலு முடிந்த குதிரைக்கு நடுப்பற்களும் அடுத்த ஜோடியும் மாறியிருக்க வேண்டும். நடு ஜோடி மட்டுமே மாறியிருந்தால் இந்தக் குதிரைக்கு வயது மூன்று, மிஞ்சினால் மூன்றரை. குதிரைக்குக் குதிரை சில மாதம் முன்பின் ஆகலாம், ஒன்றரை வருடம் ஆகாது. விற்பவர் பொய் சொல்கிறார் என்று இதை வைத்து முடிவுகட்ட வேண்டாம், அவரிடம் விற்றவர் சொன்னதை அவர் அப்படியே நம்பியிருக்கலாம். ஒரு விஷயம் தவறாக இருக்கும்போது மற்றதையும் சரிபார்ப்பதுதான் உங்கள் தொழிலிலும் வழக்கம் இல்லையா?

வயது ஏன் முக்கியம் என்றால், குதிரையின் எலும்புகள் கீழிருந்து மேலாக முதிர்கின்றன. குளம்புக்கு அருகே உள்ளவை முதல் வருடத்திலேயே வளர்ந்து முடிந்துவிடும். நீங்கள் உட்காரும் முதுகெலும்பு கடைசியில்தான் முதிரும், ஐந்தரை வயதுகூட ஆகும். மூன்று வயதுக் குதிரைமேல் ஏறவே கூடாது என்பதில்லை. லேசான ஆள், குறைந்த நேரம் என்று தொடங்க வேண்டும்.

நீங்கள் லேசான ஆள் இல்லை. 82 கிலோ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, பிறகு தோள்முனையிலிருந்து பிட்டத்து முனைவரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் குதிரையின் எடை ஓரளவு கிடைக்கும். அளவுகள் சென்டிமீட்டரில், விடை கிலோவில். கறுப்புக் குதிரைக்கு நீங்கள் தந்த அளவு 168-ம் 155-ம், கணக்குப் போட்டால் 368 கிலோ. பெட்டைக்கு 184-ம் 164-ம், 467 கிலோ. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நீங்களும் 9 கிலோ சேணமும் சேர்ந்தால் 91. கறுப்புக் குதிரைக்கு அது கிட்டத்தட்ட 25 சதவீதம், அதுவும் முதிராத முதுகில். பெட்டைக்கு 19.5. எல்லைக்குப் பக்கத்தில்தான், ஆனால் உள்ளே. நீங்கள் நாலு கிலோ குறைந்தால் பெட்டை சந்தோஷப்படும். நானும்தான்.

நெற்றிச் சுழி, நாலு காலிலும் வெள்ளை, நிறம் என்று யாரோ சொன்ன லட்சணங்களையும் எழுதியிருந்தீர்கள். அவற்றை வைத்து நொண்டலையும் சொல்ல முடியாது, உதைப்பதையும் சொல்ல முடியாது. விட்டுவிடுங்கள்.

பெட்டையும் அதன் முட்டியும்

14 வயது கிழம் இல்லை. நன்றாகப் பராமரித்தால் குதிரை 25 முதல் 30 வருடம் வாழும். இருபதைத் தாண்டியும் லேசான சவாரிக்கு வரும் குதிரைகள் ஏராளம். உங்களுக்கும் மகளுக்கும் தேவை பந்தயமோ உயரத் தாண்டுவதோ இல்லை. தடுமாறினால் நிற்கும் குதிரைதான் தேவை. அந்தக் குணம் உடம்போடு வந்ததல்ல, வருடக்கணக்கில் கற்றுக்கொண்டது. இளங்குதிரை அதிக நாள் உழைக்கும் என்ற உங்கள் கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அதன் முதல் இரண்டு மூன்று வருடப் பயிற்சிக்கு நல்ல ஆளை வைத்துச் செலவு செய்ய வேண்டும், அதுவரை உங்கள் மகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பாள்.

அதற்காகப் பெட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. முட்டி தடித்திருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பழைய அடியில் தோலுக்கடியில் தழும்புத் திசு கட்டிப்போய், மூட்டுக்குள் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். அப்படியானால் அது அழகுக் குறைதான். மூட்டே தேய்ந்து, வலி மருந்தின் தயவில் ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் நீங்கள் ஏறுவது அதற்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. முட்டியை மடக்கிச் சற்று நேரம் பிடித்து, விட்டவுடன் ட்ராட்டில் ஓட்டிப் பார்ப்போம். நொண்டினால் எக்ஸ்ரே. நொண்டாவிட்டாலும் இந்த வயதில், இந்த முட்டியில், எக்ஸ்ரே எடுத்துவிடுவதே என் பழக்கம்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தப் பெட்டை பள்ளியில் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் வேலை செய்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்து, வாரம் இரண்டு மணி சவாரியும் நிறையத் தானியமும் என்று ஆனால், அதே குதிரை ஒரு மாதத்தில் வேறு குதிரையாகத் தெரியும். பள்ளியில் கண்ட சாதுத்தனத்தில் பாதி உழைப்பின் அசதி. தீனியை வேலைக்குத் தகுந்தபடி குறைத்து, தினமும் வெளியே நடமாட விட வேண்டும்.

அப்புறம், கடிதத்தில் நீங்கள் யோசிக்கவே இல்லாத ஒன்று: தனிமை. குதிரை மந்தை விலங்கு. இத்தனை வருடம் மற்ற குதிரைகளோடு நின்ற பெட்டையை ஒற்றையாகக் கொண்டுவந்து கட்டினால் வேலியோரம் கத்திக்கொண்டே அலையும், தீனி எடுக்காது. இன்னொரு குதிரையோ மட்டக்குதிரையோ துணைக்கு வேண்டும். அப்படியானால் செலவு இரண்டு குதிரைக்கு. வாங்கும் விலையைப் பற்றி மட்டும் நாலு பத்தி எழுதியிருக்கிறீர்கள். 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 7 முதல் 9 கிலோ உலர்புல் வேண்டும், குறைந்தது 25 லிட்டர் தண்ணீர், வெயில் காலத்தில் அதைப் போல இரண்டு பங்கு. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும், வருடம் ஒருமுறையாவது பல் அராவ வேண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், டெட்டனஸ் தடுப்பூசி, குடற்புழு மருந்து. இதையெல்லாம் மாதக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். விலை சின்னதாகத் தெரியும்.

சான்றிதழும் முன்பணமும்

ஏழு மாதத்துக்கு முன் தந்த சான்றிதழ் அன்றைய நிலையைச் சொல்கிறது. அதை எழுதிய மருத்துவர் விற்பவருக்காக எழுதினார். நீங்கள் யார், எத்தனை கிலோ, குதிரையை எதற்கு வாங்குகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. நீங்கள் கூப்பிட்டு, நீங்கள் பணம் கொடுத்து, விற்பவருக்கு வழக்கமாகப் பார்க்காத ஒரு குதிரை மருத்துவர் வர வேண்டும். முழுப் பரிசோதனை ஐந்து கட்டமாக நடக்கும். முதலில் ஓய்வில் கண், பல், இதயம், நுரையீரல், குளம்பு. ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். அடுத்துக் கயிற்றில் பிடித்து நடையும் ட்ராட்டும். பிறகு மூச்சு வாங்கும் அளவுக்குச் சவாரி, அப்போதுதான் மூச்சுக்குழலின் இரைச்சல் கேட்கும். அதன் பிறகு ஓய்வு. ஓய்ந்து உடம்பு இறுகியதும் மறுபடி ட்ராட். மறைந்திருந்த நொண்டல் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வெளியே வரும். ரத்தமும் எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பின்னால் சந்தேகம் வந்தால் வலி மருந்தோ மயக்க மருந்தோ கொடுத்தார்களா என்று சோதிக்கலாம். முடிவில் மருத்துவர் 'பாஸ்', 'ஃபெயில்' போடுவதில்லை. இந்த ஆளுக்கு, இந்த வேலைக்கு இந்தக் குதிரை பொருந்துமா என்றுதான் சொல்வார்.

குணத்தைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம், அதில் நானே ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குடும்பத்துக்காகக் குதிரை பார்க்கப் போனேன். சொன்ன நேரத்துக்குப் போய் இறங்கினால் குதிரை சிலை மாதிரி நின்றது. இதயம், கால், கண் எல்லாம் சுத்தம். காதுக்குப் பின்னால் மட்டும் மயிர் ஈரமாக ஒட்டியிருந்தது. குளிப்பாட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாங்கிப்போன பத்தாம் நாள் அந்த வீட்டுப் பையனைத் தூக்கி எறிந்துவிட்டது. நான் வருவதற்கு முன் விடியற்காலையிலேயே அதை ஓட்டி ஓட்டிக் களைக்க வைத்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பையனுக்குத் தோள்பட்டையில் முறிவு. தலையில் ஹெல்மெட் இருந்ததால் அதோடு போயிற்று.

அதிலிருந்து நான் சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் போய்விடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். குதிரையைத் திறந்த வெளியிலிருந்து எப்படிப் பிடிக்கிறார்கள், நாலு காலையும் தூக்கத் தருகிறதா, வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது காதை மடக்குகிறதா என்று பாருங்கள். கொட்டகையின் மரவிளிம்பு கடிபட்டிருந்தால் மரத்தைக் கவ்விக் காற்றை விழுங்கும் பழக்கம் இருக்கலாம். முதலில் விற்பவரோ அவருடைய ஆளோ ஏறட்டும். அவர் ஏறத் தயங்கினால் உங்களுக்கு அங்கே வேலை இல்லை. அடுத்து உங்கள் பயிற்சியாளர், கடைசியில் நீங்கள். வேறொரு நாள், வேறொரு நேரத்தில் மறுபடி போங்கள்.

பணம் எப்போது கொடுத்தாலும் எழுத்தில் கொடுங்கள். குதிரையின் அடையாளம், தோலுக்கடியில் அடையாளச் சிப் பொருத்தியிருந்தால் அதன் 15 இலக்க எண், விற்பவர் சொன்ன வயது, தெரிந்த நோய்கள், கொடுத்து வரும் மருந்துகள், நீங்கள் எதற்காக வாங்குகிறீர்கள் என்பது, பரிசோதனையில் பொருந்தாவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்ற வாசகம், இத்தனையும் அதில் இருக்க வேண்டும். தனி ஆளிடம் வாங்குவதற்கும் வியாபாரியிடம் வாங்குவதற்கும் பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பு ஒன்று போல இருப்பதில்லை, உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் அந்தத் தாளை ஒருமுறை காட்டிவிடுங்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு விற்பவர் எழுத்தில் தந்த பதில்தான் பின்னால் தகராறு வந்தால் கைகொடுக்கும்.

வாங்காமலும் இருக்கலாம்

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பள்ளி உரிமையாளரிடம் இப்படிக் கேட்பேன்: பெட்டை ஆறு மாதம் இங்கேயே நிற்கட்டும், பாதிச் செலவு என்னுடையது, வாரத்தில் மூன்று நாள் எங்களுடையது, ஆறு மாதம் முடிந்ததும் பேசிய விலைக்கு வாங்கும் முதல் உரிமையும் எங்களுடையது. அந்த மூன்று நாளும் சவாரியோடு நிற்காமல் சாணி அள்ளுவது, தேய்த்து விடுவது, குளம்பு சுத்தம் செய்வது எல்லாவற்றையும் நீங்களும் மகளுமே செய்யுங்கள். மழையிலும் காய்ச்சலிலும் அதைச் செய்ய வீட்டில் ஆள் இருக்கிறதா என்பது ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். முட்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதும் தெரிந்துவிடும். பயிற்சியாளரும் பக்கத்திலேயே இருப்பார்.

உரிமையாளர் ஒத்துக்கொள்ளவில்லை, உடனே விற்றாக வேண்டும் என்றால், பரிசோதனையும் எக்ஸ்ரேயும் முடிந்த பிறகு வாங்குங்கள். துணைக்குதிரைக்கு வழி செய்யாமல் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பெட்டையும் சரிப்படவில்லை என்று முடிவு வந்தால் தேடலைத் தொடருங்கள்: எட்டிலிருந்து பதினைந்து வயதுக்குள், காயடித்த ஆணோ பெட்டையோ, புதியவர்களைச் சுமந்து பழகியது, 460 கிலோவுக்குக் குறையாதது. நிறத்தை மகள் தேர்ந்தெடுக்கட்டும்.

கறுப்புக் குதிரைக்காரரிடம் சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள். அவருக்கு உண்மையிலேயே வேறு ஆள் இருந்தால் அவருக்கும் உதவியாக இருக்கும். பெட்டையின் முட்டியை எக்ஸ்ரே எடுக்கும்போது முன்பக்கம், பக்கவாட்டு, இரண்டு சாய்கோணங்கள் என நாலு படமாவது எடுக்கச் சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க இடது முட்டியையும் சேர்த்து. படங்களை எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.